மொறிஸ் மைனருக்கு வீட்டில் பிறேக் எயர் எடுக்கிறது

வன்னியில் இன்னும் ஓடுகிற மொறிஸ் மைனர்களுக்குப் பிறேக் ஒரே லைன்தான். பெடலை மிதிக்க, மாஸ்டர் சிலிண்டரில் இருந்து புறப்படுகிற ஒயில் நாலு சக்கரத்துக்கும் பிரிந்து போகிறது. அந்த ஒயிலுக்குள் காற்றுக் குமிழி புகுந்தால் பெடல் அமுங்கும், அதை வெளியே தள்ளுவதுதான் எயர் எடுக்கிறது. எங்கேயாவது ஒரு ஹோஸ் வெடித்தால் நாலும் ஒன்றாகப் போய்விடும், மிஞ்சுவது ஹான்ட் பிறேக் மட்டும். பொழுதுபட்டால் ஏ9 வீதியில் மாடுகள் தாரிலேயே படுத்திருக்கிற ஊரில் இதைச் சும்மா விடமுடியாது.

ஆனால் பெடல் கீழே போகிறது என்றவுடன் நிப்பிளை, அதாவது சக்கரத்தில் எயரை வெளியே விடுகிற திருகை, கழற்ற வெளிக்கிட வேண்டாம். பெடல் நெடுகப் போய், பிறகு கல்லாய் நின்றால் அது எயர் அல்ல. பிறேக் சூவுக்கும், அது உரசிப் பிடிக்கிற டிறமுக்கும் இடைவெளி கூடிவிட்டது. பெடல் மெத்தென்று அமர்ந்து, இரண்டு மூன்று தரம் மிதிக்க மேலே வந்தால் எயராக இருக்கலாம், அட்ஜஸ்ட்மென்ட்டாகவும் இருக்கலாம். ஒரே அழுத்தமாக மிதித்துப் பிடிக்க, வெளியில் ஒரு சொட்டும் ஒழுகாமல் மெல்ல மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் றப்பர் கப் தேய்ந்துவிட்டது. அதற்கு எவ்வளவு எயர் எடுத்தாலும் பலனில்லை, புது றப்பர்கள் கொண்ட கிற் போடத்தான் வேண்டும்.

அதனால் முதல் வேலை அட்ஜஸ்ட்மென்ட். சக்கரத்தைக் கழற்றினால் டிறமில் ஒரு துளை தெரியும். டிறமைச் சுற்றி, துளை வழியே தெரிகிற திருகைத் தட்டை ஸ்குறூ டிறைவரால் திருப்பலாம். முன்சக்கரத்துக்கு இரண்டு திருகு, பின்சக்கரத்துக்கு ஒன்று. டிறம் சுற்றாமல் பிடிக்கும்வரை இறுக்கி, ஒரு 'கிளிக்' மட்டும் பின்னுக்கு விடவேண்டும். இதைச் செய்யும்போது ஹான்ட் பிறேக் விடுபட்டிருக்க வேண்டும். எயர் எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் அந்த ஒரு கிளிக்கை இப்போது விடவேண்டாம். சூக்கள் டிறமோடு இறுகியிருந்தால் வீல் சிலிண்டர் பிஸ்டன்கள் நகர இடமில்லை, மிதிக்கிற ஒயில் முழுக்க எயரைத் தள்ளப் போகும். வேலை முடிந்த பிறகு விடலாம்.

காரைத் தூக்கி ஜக்கில் மட்டும் நிற்பாட்டிவிட்டுக் கீழே போகக் கூடாது. சீமெந்துக் கல் அடுக்குவதும் கூடாது, அது சொல்லாமல் வெடிக்கும். பாலைக் கட்டையோ பனங்குற்றியோ போதும்.

பிறேக் ஒயிலின் தரம் டொட் (DOT) 3 அல்லது டொட் 4. இரண்டும் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். டொட் 4 புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ், ஈரம் ஏறினால் 155 வரை இறங்கலாம். டொட் 3 க்கு 205, 140. கொதித்தால் வருகிற ஆவி, எயர் போலவே அமுங்கும். அதோடு ஈரம் சிலிண்டரை உள்ளே கறள் பிடிக்க வைக்கும். மாரி முழுக்கக் கொட்டிலில் திறந்து கிடந்த அரைப் போத்தலை ஊற்றவேண்டாம், புதுப் போத்தல் வாங்குங்கள். எயர் மட்டும் எடுக்க அரை லீற்றர் காணும். பழையதை முழுக்க மாற்றுவதென்றால் ஒரு லீற்றர் கையில் இருக்கட்டும். டொட் 5 என்பது சிலிக்கோன், இவற்றோடு கலக்கக் கூடாது. போத்தலைக் குலுக்கவும் வேண்டாம், குமிழி உண்டாகும்.

எங்கள் பக்கத்தில் எந்தச் சாமானையும் மண்ணெண்ணெயில் கழுவுகிற பழக்கம் இருக்கிறது. பிறேக் றப்பருக்கு அது நஞ்சு. மண்ணெண்ணெய், பெற்றோல், என்ஜின் ஒயில் எது பட்டாலும் கப் ஊதிப்போகும். ஸ்பிரிட்டில் கழுவலாம், அல்லது புதுப் பிறேக் ஒயிலிலேயே கழுவலாம்.

மைனரின் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. விரிப்பைத் தூக்கி மூடியைத் திறந்தால் ஒயில் ஊற்றுகிற பிளக் தெரியும். காலில் வருகிற செம்மண் எல்லாம் அந்த இடத்தில்தான் சேரும், எனவே முதலில் தூரிகையால் தட்டி ஈரத்துணியால் துடைத்துவிட்டே பிளக்கைத் திறக்கவேண்டும். சோளகக் காற்று அடிக்கிற நாளில் மத்தியானம் இந்த வேலை வேண்டாம், விடியக் காலை செய்யுங்கள். பிளக்கில் சின்னக் காற்றுத் துளை ஒன்று உண்டு. தூசு அடைத்திருந்தால் மெல்லிய கம்பியால் எடுத்துவிடவேண்டும். ஒயில் ஊற்ற மருந்துக் கடையில் வாங்குகிற 50 மில்லிலீற்றர் சிரிஞ்சும் ஒரு துண்டு ரியூப்பும் வசதி. பெயின்ற்றில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். துடைத்தால் பெயின்றும் சேர்ந்து வரும்.

நிப்பிள்தான் ஆளைச் சோதிக்கும். அங்குல அளவு ரிங் ஸ்பனரே போடவேண்டும். கிட்டத்தட்டப் பொருந்துகிற மில்லிமீட்டர் ஸ்பனரும், வாய் திறந்த ஸ்பனரும் மூலையை உருட்டிவிடும். முதல்நாள் இரவே கறள் இளக்குகிற ஒயில் விட்டு ஊற வையுங்கள். அடுத்தநாள் சுத்தியலால் மெல்லத் தட்டி, முதலில் ஒரு மயிரிழை இறுக்கிப் பார்த்து, பிறகே இளக்குங்கள். பலவந்தமாகத் திருப்பினால் நிப்பிள் முறிந்து வீல் சிலிண்டருக்குள் நிற்கும், பிறகு சிலிண்டரே மாற்றவேண்டிவரும். அது கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தைவரை போகிற வேலை.

தூரத்தில் உள்ள சக்கரத்தில் தொடங்குங்கள்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. ஒஸ்ரின் ஏ35 வைத்திருப்பவர்கள் பின்சக்கரத்தில் நிப்பிள் தேடவேண்டாம். அதன் பின் பிறேக் கம்பியால் இழுபடுவது, அதற்கான சிலிண்டர் வண்டியின் வயிற்றடியில் இருக்கிறது. பரந்தன்–முல்லைத்தீவு ஏ35 வீதியில் ஏ35 ஓட்டுகிறவர்களுக்கு இது தெரிந்துதான் இருக்கும்.

ஒருவழி வால்வு போட்டுத் தனியாளாகச் செய்யலாம் என்பார்கள். பெடலில் ஒருவரும் சக்கரத்தில் ஒருவருமாகச் செய்வதே நம்பிக்கையானது. நிப்பிளில் தெளிந்த ரியூப் மாட்டி, மறு முனை போத்தலில் கொஞ்ச ஒயிலுக்குள் தாழ்ந்திருக்கட்டும். 'மிதி' என்றால் தம்பி மெதுவாக மிதிக்கவேண்டும். நிப்பிளை அரைச் சுற்றுத் திறக்க ஒயிலும் குமிழியும் வரும். 'பிடி' என்றால் பெடலை அப்படியே வைத்திருக்கவேண்டும், நீங்கள் நிப்பிளை மூடுகிறீர்கள். மூடிய பிறகே 'விடு'. பெடல் தானாக மேலே வரட்டும். வந்தபின் மூன்று நான்கு செக்கன் பொறுத்தே அடுத்த மிதி. அந்த நேரத்தில்தான் மேலிருந்து ஒயில் சிலிண்டருக்குள் நிறையும். அவசரக்காரத் தம்பியைப் பெடலில் இருத்தினால் குமிழி தீராது.

பெடலுக்குக் கீழே ஒரு மரத்துண்டு வையுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் வழமையாகப் போகாத அடிப்பகுதி கறள் பிடித்திருக்கும். தரைவரை மிதித்தால் கப் அந்தக் கறளில் உராய்ந்து கிழியும். எயர் எடுக்கப் போய் மாஸ்டர் சிலிண்டர் பழுதாகிறது பெரும்பாலும் இப்படித்தான்.

ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை ஒயில் மட்டத்தைப் பாருங்கள். வற்றினால் எயர் உள்ளே போய், முதற் சக்கரத்திலிருந்து திரும்பத் தொடங்கவேண்டும். பிளேன்ரீ நிறத்தில் வருகிற பழையது தீர்ந்து, வெளிறிய மஞ்சள் குமிழியில்லாமல் வந்தால் அந்தச் சக்கரம் முடிந்தது. போத்தலில் விழுந்ததைத் திரும்ப ஊற்றக் கூடாது, கிணற்றடியிலும் கொட்டக் கூடாது.

எல்லாம் முடிந்தும் மெத்தென்று இருந்தால் மூன்று ஹோஸையும் பாருங்கள், முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு ஒன்று. மிதிக்கும்போது ஊதுகிற ஹோஸ் எயர் போலவே காட்டும். பிறேக் பிடித்தபின் விடாமல் இழுத்தால் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கலாம், அல்லது பெடலில் சுயாதீன ஆட்டம் இல்லாமல் இருக்கலாம். அந்தச் சிறு ஆட்டம் இல்லாவிட்டால் கப் திரும்பு துளையை மூடியபடியே நிற்கும், ஒயில் திரும்பாது.

இனி அட்ஜஸ்டர்களில் அந்த ஒரு கிளிக்கை விடலாம். பெடலைப் பலமாக ஒரு நிமிடம் மிதித்துப் பிடிக்கச் சொல்லி ஒவ்வொரு நிப்பிளையும் இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். ஓட்டிப் பார்ப்பது முதலில் ஒழுங்கைக்குள், நடை வேகத்தில். நாலைந்து நாள் ஓடியபின் ரயர்களின் உள்பக்கத்தில் ஈரம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இருந்தால் அந்தச் சக்கரத்தின் டிறமைக் கழற்றவேண்டும்.