தகப்பன் பெயர் என்ற கட்டம்

நவம்பர் 4, 2024, திங்கள்

தீபாவளி முடிந்தும் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் இந்தப் பக்கத்து சாட்ஸ்வொர்த்தில் வெடிச் சத்தம் ஓயவில்லை. இரவு முழுக்கத் தூக்கமில்லை. காலையில் கல்லூரியில் மாணவர் உதவி அலுவலகத்தைத் திறக்கப் போனால் வாசலில் ச. நிற்கிறாள், கையில் அதே பச்சைக் கோப்பு.

"ஆன்ட்டி, அப்பா போனை எடுக்கவே மாட்டேங்கிறார்."

நவம்பர் 6

இன்றும் எடுக்கவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

ஆண்டிறுதி விழாவுக்கான முதல் கூட்டம். மாணவர் பேரவைப் பிள்ளைகளுக்குப் பெரிய மேடை வேண்டும், விளக்கு வேண்டும், விடிய விடிய அமாபியானோ நடன இசை வேண்டும். கேட்கட்டும், வருஷம் முழுக்க உழைத்த பிள்ளைகள். ஆனால் என் அறை அலமாரியில் இன்று இருந்தவை நாலு டின் மீன், ஆறு நூடுல்ஸ் பொட்டலம், அரை மூட்டை மக்காச்சோள மாவு. பரீட்சை மாதம் இது. காலைத் தேர்வுக்கு வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். கதவைத் தட்டும் விதத்திலேயே தெரிந்துவிடும், பசி உள்ளவர்கள் மெதுவாகத் தட்டுவார்கள்.

ஒரு டிஜே போதும், மிச்சப் பணத்தில் எல்லாருக்கும் பிரியாணியும் பருப்பும் போடலாம் என்றேன். வாக்குவாதம் ஆகும் என்று பயந்தேன். பேரவைத் தலைவன் எழுந்து, "ஆன்ட்டி சொல்வது சரி, நானும் அந்த அலமாரியில் சாப்பிட்டவன்தான்" என்றான். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

நவம்பர் 12

இன்று ச.வோடு ஒரு மணி நேரம். என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசுக் கல்வி உதவிக்கு அவள் எல்லா விதத்திலும் தகுதியானவள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 350,000 ராண்டுக்குள் இருக்க வேண்டும். அவள் வீட்டில் வருவது அப்பாவைப் பெற்ற ஆயாவின் முதியோர் உதவித்தொகை, மாதம் 2,190 ராண்ட். அவ்வளவுதான். அப்பா ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேஷியாவில் ஏதோ கராஜில் வேலை செய்கிறார். அவர் சம்பளத்தைச் சேர்த்தாலும் வரம்பு எங்கேயோ இருக்கிறது. வருமானத்தைப் பார்க்க அனுமதி தருகிறேன் என்று அவர் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். நீலப் பேனாவில் ஒரு கிறுக்கல்.

வேறு வழி ஒன்று உண்டு. பெற்றோர் கைவிட்ட பிள்ளை என்று சமூகப் பணியாளர் ஒரு படிவத்தில் உறுதி சொன்னால் அப்பாவின் கையெழுத்து வேண்டாம். படிவத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். படித்தாள். திருப்பித் தந்தாள்.

"அப்பா எங்கே என்று எனக்குத் தெரியும் ஆன்ட்டி. பிறந்தநாளுக்குக் குரல் அனுப்பினார். தெரியாது என்று எப்படி எழுதுவது?"

வருஷத்துக்கு ஒரு குரல் பதிவு! அதை வைத்துக்கொண்டு இந்தப் பெண் அவரை அப்பா என்கிறாள். எனக்குக் கோபம் வந்தது, அவள்மேல் இல்லை. எழுதிவிடு, யாரும் கேட்கப் போவதில்லை என்று சொல்ல நாக்கு வரை வந்தது. பத்தொன்பது வயதுப் பெண்ணைப் பொய் எழுதச் சொல்ல நான் யார்? சொல்லாமல் இருந்து, ஜனவரியில் அவள் கடைசி நிலையான என்6-இல் சேராமல் போனால் அப்போதும் நான் யார்? என்6 முடித்து, அப்புறம் பதினெட்டு மாதம் வேலையனுபவம் பெற்றால்தான் டிப்ளமா. இப்போது நின்றால் என்4, என்5 இரண்டும் சுவரில் மாட்டிய காகிதம்.

வீட்டுக்கு வந்தும் இதே நினைப்பு. சாதத்தை அடிப்பிடிக்க விட்டுவிட்டேன்.

நவம்பர் 16, சனி

1860இல் இதே நாளில்தான் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து டர்பன் வந்தது, முதல் ஒப்பந்தக் கூலிகளும் குடும்பங்களுமாக 342 பேரோடு. கோயிலில் விளக்கேற்றினார்கள், நானும் போனேன். ஒரு பெரியவர் கப்பல் பட்டியலின் நகலைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். எண், பெயர், வயது, ஊர், உடம்பில் உள்ள தழும்பு. நடுவில் ஒரு கட்டம்: தகப்பன் பெயர்.

அதற்கு மேல் என்னால் எதையும் படிக்க முடியவில்லை.

1890இல் கொல்லத்திலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்த எம்.எல். சுல்தானைப் பற்றியும் பேசினார்கள். வாழை பயிரிட்டுச் சம்பாதித்ததை இந்தியப் பிள்ளைகளின் தொழிற்கல்விக்குக் கொடுத்தவர். அவர் பெயரில் எழுந்த கல்லூரி 2002இல் இன்னொன்றோடு சேர்ந்து இன்றைய டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமானது. அந்த வாசல் வழியாக எத்தனை ஆயிரம் பேர் நுழைந்திருப்பார்கள். இந்த ஒருத்திக்கு வழி கிடைக்காதா?

நவம்பர் 19

மழை. அவளுடைய வருகைப் பதிவு 81 சதவீதம். 80 இல்லாவிட்டால் தேர்வுக்கே விட மாட்டார்கள். டாக்ஸிக்கு, அதாவது பலர் சேர்ந்து ஏறும் வேனுக்கு, காசு இல்லாத நாட்களில் நடந்தே வந்திருக்கிறாள், இன்றுதான் சொன்னாள்.

நவம்பர் 23, சனி

ஃபீனிக்ஸுக்கு, அவள் வீட்டுக்குப் போனேன். படியேறியதும் ஆயா கையைப் பிடித்து, "வா, குந்து" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேலூரில் என் அம்மா இதே வார்த்தையைத்தான் சொல்வாள். வட ஆற்காட்டிலிருந்து இங்கே வந்தவர்கள் ஏராளம் என்று தெரியும். ஆனாலும் நூறு வருஷத்துக்கு மேல் இந்தச் சொல் இந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறதே. ஆயாவுக்கு வேறு தமிழ் அதிகம் வராது. மாரியம்மன் பாட்டு வரும், கூழ் காய்ச்சத் தெரியும்.

ச. தேநீர் போட உள்ளே போனதும் ஆயா குரலைத் தாழ்த்தினார். மகனுக்கு மனசு இல்லாமல் இல்லையாம், பயமாம். அடையாள எண்ணைக் கொடுத்தால் ஜீவனாம்ச வழக்கில் பிடித்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தை மூன்று மாதமாக யாரும் எனக்குச் சொல்லவில்லை!

அவருடைய போன் எண்ணை வாங்கி வந்து இரவே தமிழும் ஆங்கிலமும் கலந்து அவருக்கு எழுதினேன். இது படிப்புக்கான படிவம் மட்டும். வருமானத்தைப் பார்ப்பார்கள், பணம் கேட்க மாட்டார்கள். உங்கள் மகள் கணக்கியலில் வகுப்பிலேயே முதலாவது. இதையும் சேர்த்துத்தான் அனுப்பினேன்.

நவம்பர் 24

இரண்டு நீலக் கோடு. பதில் இல்லை.

நவம்பர் 25

இல்லை.

நவம்பர் 29

பிரியாணிக்கு அரிசி வந்துவிட்டது. அண்டா இன்னும் வரவில்லை. எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை.

டிசம்பர் 3

குல்மொஹர் பூத்து வளாகம் முழுக்கச் சிவப்பு. வழக்கமாக இந்த மாதத்தில் எனக்குச் சந்தோஷம் தாங்காது. விண்ணப்பம் முடியும் நாள் நெருங்குகிறது. ச.விடம் அந்த இன்னொரு படிவத்தைப் பற்றி மறுபடி பேசவில்லை, பேசவும் மாட்டேன். முடிவு செய்துவிட்டேன். நான் செய்தது தப்பாகவும் இருக்கலாம்.

டிசம்பர் 6, வெள்ளி

விழா. நானூறு தட்டு, ஒன்றுகூட மிஞ்சவில்லை. சமையலறைப் பெண்களையும் மேடைக்கு அழைத்துக் கைதட்டினார்கள், பிள்ளைகளே எடுத்த முடிவு. கணக்கியல் பரிசுக்கு ச. பெயரைக் கூப்பிட்டபோது ஆயா அரக்குப் புடவையில் எழுந்து நின்றார், அவரையும் கூப்பிட்டார்கள் என்று நினைத்துவிட்டார் போல. யாரும் உட்காரச் சொல்லவில்லை. இரண்டு பேருமாக மேடை ஏறினார்கள். அந்தப் படத்தை லெனேஷியா எண்ணுக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

மணி மூன்றே முக்கால். அந்த எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு வந்திருக்கிறது, நாற்பத்திரண்டு வினாடி. ச. டாக்ஸியில் வந்துகொண்டிருக்கிறாள். அவள் வரும்வரை நான் அதைத் திறக்கப் போவதில்லை.