சிறிய எஸ்யூவியில் கேம்பர் இழுப்பவர்கள் முன்பாரத்தைப் பார்க்க வேண்டும்

எங்கள் கோவைப் பக்கத்தில் சிறிய எஸ்யூவி வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, தங்கள் வண்டியின் இன்ஜினுக்கு ஒரு சிறிய கேம்பரையோ (உள்ளே தங்கும் வசதி கொண்ட, காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கும் டிரெய்லர்) படகையோ இழுக்கும் வலு உண்டா என்பதுதான். இன்றைய டர்போ இன்ஜின்கள் சமவெளியில் அறுநூறு கிலோவை அவ்வளவு சிரமமின்றி இழுத்துவிடும் என்பதால், நான் அந்தக் கேள்வியைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இழுத்ததை நிறுத்துவதும், பின்னால் வருவது ஆடாமல் நேராக வரச் செய்வதும்தான் கடினம். இவ்விரண்டையும் தீர்மானிப்பவை மொத்த எடையும், அந்த எடை டிரெய்லரில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதுமே.

முதலில் காரின் கையேட்டைப் படிக்க வேண்டும். அமெரிக்காவில் விற்கப்படும் பெட்ரோல் ஹோண்டா சிஆர்-வி 1,500 பவுண்டு, அதாவது சுமார் 680 கிலோ இழுக்கலாம் என்று அதன் நிறுவனம் சொல்கிறது. டொயோட்டா ராவ்4 வண்டியிலோ சில வகைகளுக்கு மட்டும் 3,500 பவுண்டு வரை அனுமதி உண்டு. ஒரே பெயர் கொண்ட வண்டியிலேயே இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, அண்டை வீட்டுக்காரர் இழுக்கிறார் என்பதை நம் வண்டிக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. கையேட்டில் இழுவை எடை குறிப்பிடப்படாத காரிலும், இழுக்க வேண்டாம் என்று எழுதியிருக்கும் காரிலும் டோ ஹிட்ச் (டிரெய்லரைப் பூட்ட காரின் பின்னால் வைக்கும் இணைப்பு) பொருத்துவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். நம் மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் ஒரு வாகனமாகவே வரையறுத்திருப்பதால் அதற்குப் பதிவும் வேண்டும். ஆகவே பட்டறையில் முன்பணம் கொடுப்பதற்கு முன்பாகவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நடைமுறையைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இனி முன்பாரத்துக்கு, அதாவது டிரெய்லரின் முன்முனை ஹிட்ச்சின் மேல் இறக்கும் எடைக்கு வருவோம். மாட்டு வண்டியில் பருத்தி மூட்டை ஏற்றிய தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. என் அப்புச்சி கடைசி மூட்டையை எங்கே வைப்பது என்பதை நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்துத்தான் முடிவு செய்வார். பின்பாரமானால் நுகம் மேலெழுந்து மாடுகளின் கழுத்தை விட்டு விலகும். முன்பாரம் மிகுந்தால் காளைகள் கழுத்து நொந்து நின்றுவிடும். ஒற்றை அச்சு கொண்ட கேம்பரிலும் இதே கணக்குதான் நடக்கிறது. அமெரிக்க வழக்கப்படி டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச்சின் மேல் இறங்க வேண்டும். பிரிட்டனில் 5 முதல் 7 சதவீதம் என்று பரிந்துரைக்கிறார்கள். இதற்குக் குறைந்து, எடை அச்சுக்குப் பின்னால் போய்விட்டால், ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் டிரெய்லர் இடவலமாக ஆடத் தொடங்கும். அதன் பிறகு ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகிக் காரையும் சேர்த்துத் திருப்பிவிடும்.

முன்பாரத்தை அளக்க இங்கே நமக்கு வசதி அதிகம். மொத்த எடையை எந்த ஊர் எடைமேடையிலும் பார்த்துக்கொள்ளலாம். ஹிட்ச்சின் மேல் இறங்கும் எடையோ ஐம்பது அறுபது கிலோதான் என்பதால், லாரிக்கான மேடை அதற்குத் துல்லியமாக இருக்காது. மஞ்சள் மூட்டையும் தேங்காய்ப் பருப்பும் நிறுக்கும் தராசு ஒன்றைக் கேட்டு வாங்கி, டிரெய்லரின் முன்தண்டைக் காரில் பூட்டும் அதே உயரத்தில் அதன் மேல் நிறுத்திப் பார்க்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி, கேஸ் சிலிண்டர், துணிமணி எல்லாம் ஏற்றிய பிறகு பார்ப்பதே சரியான அளவு.

அந்த அறுபது கிலோவைக் காரில் அமர்ந்திருக்கும் ஓர் ஆளின் எடையாக நினைத்துவிடக் கூடாது. ஹிட்ச் பின்னச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் இருந்து, இரு அச்சுகளுக்கும் இடைவெளி 2.6 மீட்டர் என்றால், நெம்புகோல் கணக்கில் பின்னச்சின் மேல் சுமார் 83 கிலோ கூடும். முன்னச்சில் 23 கிலோ குறையும். நம் சிறிய எஸ்யூவிகளில் பெரும்பாலானவை முன்சக்கரத்தால் ஓடுபவை. எனவே பிடிப்பும் திருப்பமும் தேவைப்படும் சக்கரங்களே இலேசாகின்றன. பின் இருக்கையில் மூன்று பேரும் டிக்கி நிறைய சாமானும் இருந்தால் இது இன்னும் மோசமாகும் என்பதால், கேம்பர் இழுக்கும் நாளில் காருக்குள் பாரத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

கொங்கு நாட்டுக்கென்று தனியாக ஒரு சோதனை உண்டு, அது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவத்தில் நுழையும் காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கங்களில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அதே காற்று வடக்கு தெற்காகச் செல்லும் சாலைகளில் கேம்பரின் தட்டையான பக்கச் சுவரில் முழுமையாக மோதுகிறது. பெருந்துறைப் பக்கம் நெடுஞ்சாலையில் ஆம்னி பஸ் ஒன்று முந்தும்போதும் இதுவேதான்; முதலில் தள்ளி, பின்பு இழுக்கும். ஆடி மாதத்தில் அந்தச் சாலைகளில் நான் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. ஆட்டம் தொடங்கிவிட்டால் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுக்க வேண்டும். சட்டென்று பிரேக் போடுவதும், வேகம் கூட்டி நிமிர்த்த முயல்வதும், எதிர்த்திசையில் திருப்பித் திருப்பிச் சரிசெய்யப் பார்ப்பதும் ஆட்டத்தை வளர்க்கவே செய்யும்.

மலைப்பாதையில் சிக்கல் வேறு வகையானது. 1,600 கிலோ காரின் பின்னால் பிரேக் இல்லாத 600 கிலோ வந்தால், காருக்கென்று அமைத்த பிரேக்கே மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான கூடுதல் எடையைத் தாங்க வேண்டும். ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம் என்று வைத்திருப்பது இதனால்தான். சத்தியமங்கலத்துக்கு மேலே உள்ள திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது முதல் இரண்டு கியர்களிலேயே வர வேண்டும். காலை பிரேக்கிலேயே வைத்திருந்தால் அடிவாரத்தில் உள்ள பண்ணாரி வருவதற்குள் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறும்போது இரட்டை கிளட்ச் கொண்ட தானியங்கி கியர்பாக்ஸ் வளைவுக்கு வளைவு ஊர்ந்து கிளட்சைச் சூடாக்கிக்கொள்ளும் என்பதால், அந்த வகை வண்டியில் கேம்பரை மலையேற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவுகள். கேம்பரை ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் நிறுத்திவிட்டு, காரில் மட்டும் மேலே போய்வருவதே எங்கள் குடும்பத்தின் வழக்கம்.

படகு இழுப்பவர்களுக்குக் காற்று அவ்வளவு தொல்லை தராது, ஏனெனில் படகு தாழ்வானது. அவர்களுடைய கவலை சக்கர பேரிங். வெகுதூரம் ஓடிச் சூடேறிய சக்கரக் குடத்தை அப்படியே குளிர்ந்த நீரில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி சீலைத் தாண்டி நீரை இழுத்துக்கொள்ளும். கிரீஸ் கெட்டு, பேரிங் திரும்பும் வழியில் பழுதாகும். கரைக்கு வந்ததும் கையால் தொடும் அளவுக்குக் குடம் ஆறும் வரை காத்திருந்து, விளக்கு ஒயரைக் கழற்றிவிட்டு, அதன் பிறகே டிரெய்லரை நீரில் இறக்க வேண்டும்.