புதன்கிழமை போன வைத்தீஸ்வரன் கோயில்

அத்தைக்கு இன்னும் வருத்தம்தான். அங்காரகனுக்கு, அதாவது செவ்வாய்க் கிரகத்துக்கு உரிய வைத்தீஸ்வரன் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை போகாமல் புதன்கிழமை போனவர்கள் எங்கள் வம்சத்திலேயே நாங்களாகத்தான் இருப்போமாம். "அங்காரகன் ஊருக்கு அங்காரகன் நாள்ல போகாம..." என்று திருச்சியில் வண்டி கிளம்பும்போது இழுக்க ஆரம்பித்தவர், தஞ்சாவூர் தாண்டும்வரை நிறுத்தவில்லை. அத்தைக்கு 78 வயது. அவர் சொல்வதில் தப்பும் இல்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை அந்தப் பிராகாரத்தில் நிற்கும் கூட்டத்தை நினைத்தாலே எனக்குக் கை நடுங்கியது.

வேண்டுதல் என்னுடையது. அதனால் நாள் குறிக்கிற உரிமையும் எனக்குத்தான் என்று பிடிவாதம் பிடித்தேன்.

2021 ஏப்ரல் 29 அன்று கோயிலில் கும்பாபிஷேகம். எத்தனையோ வருஷம் கழித்து நடந்தது, கொரோனாவால் பக்தர்கள் யாரும் இல்லாமல் நடந்தது. போக வேண்டும் என்று தை மாதமே பேசி வைத்திருந்தோம். கடைசியில் கூடத்தில் உட்கார்ந்து போனில்தான் பார்த்தேன். என் வீட்டுக்காரருக்கு அன்று காய்ச்சல் மூன்றாவது நாள். கலசத்தில் தீர்த்தம் விழும்போது நான் கை கூப்புகிறேன், உள் அறையிலிருந்து இருமல் சத்தம். ஆக்ஸிமீட்டரில் 91 காட்டியது. மறுநாள் விடிகாலை 87. அதற்குப் பிறகு என் மகன் யார் யாருக்கோ போன் போட்டு, மூன்று இடத்தில் படுக்கை இல்லை என்று சொல்லி, நாலாவது இடத்தில் இவரைச் சேர்த்ததெல்லாம் எனக்கு வரிசையாக நினைவில்லை. ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது, கதவு சாத்தியது, அது மட்டும் இருக்கிறது.

பதினேழு நாள். உள்ளே விடவில்லை. ஒரு நர்ஸ் பெண் தினமும் ராத்திரி வீடியோ காலில் காட்டுவாள். குப்புறப் படுத்திருப்பார், முதுகுதான் தெரியும். அந்த முதுகு ஏறி இறங்குகிறதா என்று எண்ணிக்கொண்டிருப்பேன். ஒருநாள் ராத்திரி, பதினோரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து, அந்தக் கோயில் அம்மன் தையல்நாயகி படத்துக்கு முன்னால் வைத்துச் சொன்னேன். "உன் ஆத்துக்காரர் வைத்தியர், நீ தைலக் கிண்ணத்தோட கூடவே வந்தவ. என் ஆத்துக்காரர் தன் கால்ல நடந்து உன் வாசலுக்கு வரணும். உரு வாங்கிப் போடறேன். குளத்துல வெல்லம் கரைக்கிறேன். ஒரு மண்டலத்துக்குள்ள வந்துடறேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டாம்.

இவர் வீட்டுக்கு வந்தது மே 17. ஒரு மண்டலம் ஜூலை முதல் வாரத்தோடு முடிகிறது. கோயில்கள் திறந்ததோ ஜூலை 5! அத்தை ஜூலை 6, செவ்வாய், போயே ஆக வேண்டும் என்று பையை எடுத்து வைத்துவிட்டார். நான் எங்கள் தெரு டாக்டரிடம் ஓடினேன். அவர் அறையிலேயே வைத்தியநாதர் படம் மாட்டியிருக்கும், அந்தத் தைரியத்தில்தான் போனேன். இவரை ஆறு நிமிஷம் வராந்தாவில் நடக்க விட்டார். 96லிருந்து 91க்கு இறங்கியது. "சாமிக்கு அவசரம் இல்லம்மா. நுரையீரலுக்குத்தான் டைம் வேணும். ஃபாலோ-அப் தேதி தள்ளிப் போச்சுன்னா கோவிச்சுக்கிற டாக்டரா அவர்?" என்றார். கோவிட் வந்து குணமானவர்களுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தடுப்பூசி என்று அப்போது விதி. முதல் ஊசி ஆகஸ்ட் கடைசியில். அடுத்தது 84 நாள் கழித்து, ஊரெல்லாம் மழையில் மிதந்த நவம்பரில். அதற்கு மேலும் இரண்டு வாரம் போகட்டும் என்றார் அவர்.

நடுவில் ஆடி வந்தது, போனது. வெள்ளி, சனி, ஞாயிறு கோயில் கிடையாது என்று அரசாங்கம் சொல்லி, அந்தக் கூட்டமெல்லாம் மற்ற நாலு நாளில் வந்து விழுந்தது. விஜயதசமியன்று எல்லா நாளும் திறந்தார்கள். நான் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாக்குக் கொடுத்துவிட்டுப் போகாமல் இருப்பது எப்படி இருக்கும் தெரியுமா? கடன் கொடுத்தவர் தெருவில் எதிரே வருகிற மாதிரி இருக்கும். படத்தை நேரே பார்க்கவே கூச்சமாக இருந்தது. அந்தத் தலத்தைப் பாடிய அப்பர் சுவாமியே "போற்றாதே ஆற்றநாள் போக்கினேனே", போற்றாமலே வெகுநாளைப் போக்கிவிட்டேனே, என்று ஒவ்வொரு பாட்டிலும் முடிக்கிறார். சின்ன வயதிலிருந்து பாராயணம் செய்கிற பதிகம்தான். அந்த நாலு மாதம் அந்த அடி வரும்போதெல்லாம் தொண்டை அடைத்துக்கொண்டது.

டிசம்பர் 15, புதன். மறுநாள் மார்கழி பிறக்கிறது.

விடிகாலை மூன்றரைக்குக் கிளம்பினோம். ஏசி போடவில்லை, கண்ணாடியை இறக்கிவிட்டோம். குளிர் காற்றில் அத்தைக்கு மப்ளர், இவருக்கு மப்ளர், எனக்கு மட்டும் வியர்வை. சாப்பாடு வீட்டிலிருந்தே. புளியோதரை, தயிர் சாதம், இரண்டு ஃப்ளாஸ்க். ஹோட்டலில் ரூம் போட வேண்டாம், அன்றைக்கே திரும்பிவிட வேண்டும் என்று தீர்மானம். அதனால் ராத்திரி கடைசிப் பூஜையான அர்த்தஜாமம் பார்க்க முடியாது, அதில் கிடைக்கிற, அங்குள்ள முருகனான முத்துக்குமாரசாமியின் நேத்திரப்பிடி சந்தனமும் கிடையாது. அத்தையின் புகார்ப் பட்டியலில் அது இரண்டாவது. மூன்றாவது புகார் இவருடையது. நாற்பது வருஷத்தில் கும்பகோணத்தைக் காபி குடிக்காமல் இவர் தாண்டியதே இல்லையாம். ஊர் தாண்டி வயலோரமாக வண்டியை நிறுத்தி ஃப்ளாஸ்க் காபியைக் கொடுத்தேன். குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். அந்த மௌனத்துக்கு அர்த்தம் எனக்குத் தெரியும்.

ஊருக்குள் நுழைந்ததுமே பைக்கில் இரண்டு பேர் காரோடு ஒட்டிக்கொண்டார்கள். நாடி ஜோசியத்துக்கு ஆள் பிடிக்கிறவர்கள். மாஸ்க் தாடையில் தொங்குகிறது, முகத்தை ஜன்னலுக்குள்ளேயே நீட்டிவிட்டான் ஒருவன். "சார், கட்டை விரல் ரேகை மட்டும் குடுங்க, ஓலை உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கு." ஒன்றரை வருஷமாக வருமானம் இல்லாமல் கிடந்த ஊர், பாவம்தான், ஆனால் அப்படியா மூச்சுக் காற்று படுகிற தூரத்தில்! நான் கண்ணாடியை ஏற்றப் போனேன். இவர் தடுத்து, ஆள்காட்டி விரலைக் காட்டி, "இந்த விரலை ஆறு மாசமா கிளிப்புல மாட்டிப் பார்த்துட்டிருக்காங்க தம்பி. என் விதி அதுலயே நம்பரா வந்துடுச்சு" என்றார். அவனுக்குப் புரியவில்லை. எங்கள் பையன் சிரித்த சிரிப்பில் வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது.

சன்னிதித் தெருக் கடையில் வெள்ளி உரு வாங்கினேன். கண், கை, கால், வயிறு என்று தட்டில் பரப்பியிருந்தது. நுரையீரல் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரம்மா தேடக்கூட இல்லை. "அது தனியா வராதும்மா. மார்பு எடுத்துக்குங்க. ரெண்டு வருஷமா அதுதான் போகுது" என்று ஒரு தகட்டை எடுத்துக் கையில் வைத்தார். உள்ளங்கை அகலம்கூட இல்லை. எத்தனை வீடுகளில் என்னென்ன நடந்திருக்கும் என்று அந்தத் தட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

கோபுரம் புது வர்ணத்தில் கண்ணைப் பறித்தது. ஏப்ரலில் போனில் பார்த்த அதே கலசங்கள். உள்ளே போகுமுன் எல்லோர் கையிலும் சானிடைசர் ஊற்றினேன். அதே கையோடு நெய் விளக்கு ஏற்றப் போய்விட்டேன். இவர் "ஏய்!" என்று போட்ட சத்தத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்பிரிட் ஈரம் காயாமல் தீக்குச்சி உரசினால் என்ன ஆகும்! அதன் பிறகு விளக்குப் பக்கம் போகுமுன் சோப்பும் தண்ணீரும்தான். உள்ளே கூட்டம் புதன்கிழமைக்குத் தகுந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் ஒரு பஸ் நிறைய வந்தவர்கள், ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்துகொண்டு, முக்கால்வாசிப் பேர் மாஸ்க் இல்லாமல். நாங்கள் ஒதுங்கி ஒரு தூணோரம் நின்று, அவர்கள் கடந்து போகட்டும் என்று விட்டோம். அத்தைக்கு அதுவரை பொறுக்குமா? ஒவ்வொரு தூணையும் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். நான் பின்னாலேயே பாட்டிலோடு. அவர் கண்ணைத் தொடுமுன் கையைப் பிடித்துவிட வேண்டும். பாதி முறை ஜெயித்தது அவர்தான்.

பிராகாரத்தில் பாதி வழியில் இவருக்கு மூச்சு வாங்கியது. உட்கார வைத்து, பூஜைப் பையில் தேங்காய்க்கும் வெற்றிலைக்கும் நடுவிலிருந்து ஆக்ஸிமீட்டரை எடுத்து மாட்டினேன். 93. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பேசாதீர்கள், மூக்கால் இழுத்து வாயால் விடுங்கள் என்று சொல்லிவிட்டு நான் மனசுக்குள் பதிகத்தைப் பிடித்துக்கொண்டேன். 94. 95. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு 96. "போலாம்" என்று எழுந்துவிட்டார்.

சுவாமி சன்னிதியில் எங்களுக்கு முன்னால் நாலே பேர். குருக்களும் மாஸ்க் போட்டிருந்தார், கண் மட்டும் தெரிந்தது. கோத்திரம், நட்சத்திரம் சொன்னேன். திரை விலகிக் கற்பூரம் காட்டினார். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. மாஸ்க்குக்குள்ளிருந்து ஏறின மூச்சில் கண்ணாடி முழுக்க ஆவி. அழுகை வேறு. வெறும் வெள்ளைப் புகைக்குள் ஒரு ஆரஞ்சுப் பொட்டு அசைகிறது, அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றினால் எனக்குப் பத்தடியில் யானையே தெரியாது. புடவைத் தலைப்பால் துடைக்கிறேன், போடுகிறேன், திரும்ப மூடிக்கொள்கிறது. எட்டு மாதம் காத்திருந்து, இவரை நடத்திக் கூட்டிக்கொண்டு வந்து, கற்பூரம் அணையப் போகிறது, நான் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

அணைந்தும் விட்டது.

குருக்கள் தட்டோடு வெளியே வரத் திரும்பியவர் நின்றார். என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்னொரு கட்டி கற்பூரம் வைத்து ஏற்றி, இந்தத் தடவை மெதுவாக, பாதத்திலிருந்து மேலே, நெற்றிக்கு நேரே கொண்டு போய் அப்படியே பிடித்துக்கொண்டார். "நிதானமாப் பாருங்கம்மா" என்றார். மூக்குத் தண்டில் மாஸ்க்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு மூச்சை நிறுத்தினேன். கண்ணாடி தெளிந்தது. விபூதிப் பட்டை, வில்வம், நாகாபரணம், அவர். மந்திரமும் தந்திரமும் மருந்துமாகித் தீராநோய் தீர்த்தருள வல்லான். பக்கத்தில் இவர் மூச்சு விடுகிற சத்தம் மாஸ்க்குக்குள்ளிருந்து சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அந்த முகத்தைப் பார்த்தேன். வேண்டிக்கொள்ள எதுவும் தோன்றவில்லை. அப்பா, அப்பா என்று மட்டும் சொன்னேன்.

தையல்நாயகியிடம் என்ன சொன்னேன், அங்காரகனை எத்தனை சுற்று சுற்றினோம், தன்வந்திரிக்கு விளக்குப் போட்டோமா, கேட்டால் கோவையாகச் சொல்லத் தெரியாது. உருவை இவர் கையாலேயே உண்டியலில் போட்டார். உப்பும் மிளகும் அத்தை கொட்டினார். ஜடாயு குண்டத்து விபூதியைக் காகிதத்தில் வாங்கிக்கொண்டோம். கோயில் மருந்தான திருச்சாந்துருண்டையும் வாங்கிப் பத்திரப்படுத்தினோம், பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து. சித்தாமிர்தக் குளத்துப் படியில் அந்த பஸ்காரர்கள் மொய்த்திருந்தார்கள். முக்கால் மணி நேரம் வெயிலில் உட்கார்ந்தோம். அவர்கள் போன பிறகு, இவர் மெதுவாக இறங்கி, வெல்லத்தை உடைத்து உடைத்துத் தண்ணீரில் விட்டார். மீன்கள் வந்து சூழ்ந்துகொண்டன. எத்தனை நேரம் பார்த்துக்கொண்டு நின்றோமோ. பையன் வந்து கூப்பிட்டதும்தான் ஏறினோம்.

திரும்பும் வழியில் பையன் போனில் செய்தி வந்தது. தமிழ்நாட்டில் முதல் ஒமைக்ரான் உறுதியாகிவிட்டது, வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவருக்கு. வண்டிக்குள் யாரும் பேசவில்லை. அத்தை மட்டும், தாடைக்கு இறங்கியிருந்த மாஸ்க்கைத் தானாகவே மேலே இழுத்து விட்டுக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் நேரே குளியலறைக்கு. துணியெல்லாம் வெந்நீரில். ஒரு வாரம் யார் வீட்டுக்கும் போவதில்லை, தினமும் காலை மாலை விரலில் கிளிப் என்று முன்பே பேசி வைத்ததுதான். பிரசாதத்தைப் பூஜை அலமாரியில் வைக்கப் போனேன். தையல்நாயகி படத்துக்கு அடியில் மஞ்சள் துணி முடிச்சு அப்படியே இருந்தது.

மாஸ்க் பன்னிரண்டு, சானிடைசர் இரண்டு பாட்டில், ஆக்ஸிமீட்டர், அதற்கு உபரி பேட்டரி, மாத்திரை, தடுப்பூசிச் சான்றிதழ் எல்லாம் லிஸ்ட் போட்டு எடுத்து வைத்தேன். வேண்டி முடிந்த காசை விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அத்தை பார்த்தார். இவரைப் பார்த்தார். காலண்டரை எட்டி எடுத்தார்.

"இந்தத் தடவை செவ்வாய்க்கிழமையா பாரு."