கேபின் கூரைக்கு என்ன போடலாம்?

பாய்மரப் படகோட கேபின் கூரை உறை தொங்க ஆரம்பிச்சு ரொம்ப நாளாச்சு. இன்னிக்கு ஒரு மூலையைப் பிடிச்சு இழுத்தேன். வினைல் (ரெக்சின் மாதிரி ஷீட்) முழுசா வந்துடுச்சு. பின்னால இருந்த ஃபோம் மட்டும் ஆரஞ்சுப் பொடியா உதிர்ந்து தலை, மெத்தை, தரைன்னு எல்லா இடத்துலயும் ஒட்டிக்கிச்சு. ஈரமும் சூடும் சேர்ந்து அதை அரிச்சிருக்கு.

மறுபடியும் ஃபோம் வச்ச வினைலை நேரா கூரையில ஒட்டப் போறதில்ல. கழட்டி மாட்டுற பலகைதான். மேல்தளத்து வின்ச் (கயிறு இழுக்கிற உருளை), கிளீட் (கயிறு கட்டுற பிடி) போல்ட்டெல்லாம் இந்தக் கூரைக்குள்ளதான் வந்து முடியுது. ஒழுகினா நட்டுக்குக் கை போகணுமே! ஒட்டிட்டா, கிழிக்கிறதைத் தவிர வேற வழி கிடையாது.

எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செஞ்ச பலகை) வேண்டவே வேண்டாம், ஈரம் பட்டா ஊதிடும். பிவிசி ஃபோம் ஷீட் அழுகாது, எடையும் கம்மி. ஆனா வெயில் சூட்டுல தொய்யும், சின்ன இடத்துக்குத்தான் சரி. பெரிய பரப்புக்கு 4 மி.மீ. மரைன் ப்ளைவுட் (ஈரம் தாங்குற ஒட்டுப்பலகை). கூரை வளைவுக்கு இசைஞ்சு வரும், ஓரம் முழுக்க எபாக்ஸி பிசினைக் குடிக்க வைக்கணும். மேல ஃபோம் இல்லாத மெல்லிய வெள்ளை வினைல், பின்பக்கம் மடிச்சு ஸ்டெயின்லெஸ் ஸ்டேப்பிள். சாதா பின் அடிச்சா துருக்கறை வெளியில தெரியும்.

பழைய உறையை அளவுக்காகப் பத்திரமா சுருட்டி வச்சிருக்கேன். நாளைக்குச் சுரண்டுற வேலை, முகமூடியோட.