கிட்டார் கம்பியின் உயரத்தை வீட்டிலேயே சரிசெய்தல்

விரல் நுனி வலிக்கிறது என்று கிட்டாரை மூலையில் சாத்திவிட்டவர்களிடம், வலியைப் பொறுத்துப் பழகச் சொல்வதற்கு முன்னால், அந்தக் கருவியின் 12-ஆவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளே ஃப்ரெட்கள்) ஓர் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எஃகுக் கம்பி பூட்டிய அக்கூஸ்டிக் கிட்டாரில், சுருதி சேர்த்த நிலையில், ஃப்ரெட்டின் உச்சிக்கும் கம்பியின் அடிப்பக்கத்துக்கும் இடையே தடித்த ஆறாவது கம்பியில் சுமார் 2.4 மி.மீ., மெல்லிய முதல் கம்பியில் சுமார் 1.8 மி.மீ. இருந்தால் பெரும்பாலோருக்கு வாசிக்க இதமாக இருக்கும்.

உயரம் அதிகம் என்று தெரிந்ததும், உடல் பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் சிறு துண்டான சேடிலைத் தேய்க்கத் தொடங்கிவிடக் கூடாது. முதலில் பார்க்க வேண்டியது கழுத்தின் வளைவு. ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்திலும் ஒருசேர அழுத்தினால் கம்பியே அளவுகோலாகிவிடுகிறது. அப்போது 7-ஆவது ஃப்ரெட்டின் மேல் 0.1 முதல் 0.25 மி.மீ. வரை இடைவெளி போதும். விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தால் கழுத்தின் உள்ளே ஓடும் எஃகுத் தண்டான டிரஸ் ராடை ஆலன் கீயால் வலஞ்சுழியாகக் கால் சுற்று மட்டும் இறுக்கி, மறுபடி சுருதி சேர்த்து அளக்க வேண்டும். முரண்டு பிடித்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் நட்டின் பள்ளங்களுக்குத் தனி அரங்கள் தேவை என்பதால், அதைப் பழகிய கைகளிடம் விடுவதே நல்லது.

சென்னையின் ஐப்பசி மழையில் மேற்பலகை ஈரம் இழுத்துப் புடைத்து, சேடில் பொருந்தியிருக்கும் பிரிட்ஜையும் உயர்த்திவிடும். அந்த அளவை நம்பித் தேய்த்த சேடில், ஏசி அறையில் பலகை வறண்டதும் தாழ்ந்துபோய்க் கம்பியை இரைய வைக்கும்.

12-ஆவது ஃப்ரெட் கம்பி நீளத்தின் பாதியில் இருப்பதால், அங்கே 0.5 மி.மீ. குறைக்கச் சேடிலில் 1 மி.மீ. எடுக்க வேண்டும். மேல் விளிம்பின் வளைவைத் தொடாமல் அடிப்பக்கத்தில் பென்சில் கோடு கிழித்து, கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டிய உப்புத்தாளில் சேடிலைச் செங்குத்தாகப் பிடித்துத் தேய்க்கிறேன். எலும்புச் சேடிலானால் முடி பொசுங்குவது போன்ற வாடை எழும். அடிப்பக்கம் சற்றே உருண்டாலும் சேடில் பள்ளத்தில் முழுதாகப் பதியாது. கீழே பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்) இருந்தால் சில கம்பிகளின் ஒலி மட்டும் மங்கிவிடும்.

கோட்டுக்கு முன்பே நிறுத்தி, கம்பி பூட்டி, ஓர் இரவு விட்டு அளந்த பிறகே மீதியைத் தேய்க்க வேண்டும். பழைய சேடிலைத் தொடாமல் வைத்துக்கொண்டு புதிய எலும்புத் துண்டில் இந்த வேலையைச் செய்தால், கம்பி இரையும்போது பழையதை அப்படியே பொருத்திக்கொள்ளலாம்.