சாட்டின் போத்தோஸ் கொடிக்கு நீர் ஊற்றும் முறை: சென்னை வீட்டு அனுபவம்

சிண்டாப்சஸ் பிக்டஸ் என்ற தாவரவியல் பெயர் கொண்ட கொடியைச் சென்னை நர்சரிகளில் சாட்டின் போத்தோஸ் என்றோ சில்வர் போத்தோஸ் என்றோ கேட்டால் எடுத்துத் தருவார்கள். கரும்பச்சை இலையில் வெள்ளிப் பூச்சுப் போன்ற திட்டுகளுடன் இருக்கும் இந்தக் கொடியும் நாம் எல்லோரும் அறிந்த மணி பிளான்ட்டும் சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான் என்றாலும், இரண்டின் பேரினமும் வேறு, தண்ணீரைத் தாங்கும் திறனும் வேறு. மணி பிளான்ட்டுக்குப் பழகிய கையோடு இதற்கும் தினமும் ஊற்றுவதே இந்தச் செடி வீடுகளில் நிலைக்காமல் போவதற்கு முதல் காரணம் என்று கருதுகிறேன்.

மலேசியத் தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ ஆகிய பகுதிகளின் காடுகளில் இது மரப்பட்டையைப் பற்றிக்கொண்டு மேலே ஏறும் கொடியாகும். அங்கே மழைக்குக் குறைவில்லை. ஆனால் பட்டையில் விழுகிற மழை நிற்காமல் வழிந்துவிடுவதால், வேர்கள் நனைந்த சிறிது நேரத்திலேயே காற்றையும் பெற்றுவிடுகின்றன. வேருக்கு நீர் எவ்வளவு தேவையோ அவ்வளவு பிராணவாயுவும் தேவை என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், இந்தச் செடியைப் பற்றிய மற்ற எல்லாக் குறிப்புகளும் தாமாகவே விளங்கிவிடும்.

நான் இதை ஐப்பசி மழைக்காலத்தில் வாங்கினேன். வீட்டுக்கு வந்த சில நாட்களிலேயே இலைகள் நடுநரம்பை ஒட்டி இருபுறமும் உள்நோக்கிச் சுருளத் தொடங்கின. இலை சுருண்டால் தாகம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மையே, ஆனால் அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாதபோதும் இலை இதே போலத்தான் சுருளும் என்பதால், தண்ணீரைக் கையில் எடுப்பதற்கு முன் தொட்டியைத் தூக்கிப் பார்த்தேன். அது நன்றாகக் கனத்தது. அடித்துளையில் விரலை வைத்தபோது ஈரம் ஒட்டியது. ஈரம் இருந்தும் இலை சுருள்கிறது என்றால் கோளாறு வேரில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, செடியைத் தொட்டியிலிருந்து உருவி எடுத்தேன்.

வெளிப்பக்கத்து வேர்கள் வெண்மையாக, திடமாக இருந்தன. நடுவில், நாற்றுப் பருவத்தில் வைத்த சிறு கோகோபீட் (தென்னை நார்த் தூள்) உருண்டை வலைத்துணியோடு அப்படியே இறுகிக் கிடந்தது. அதை அழுத்தியபோது தண்ணீர் சொட்டியது. அதனுள் இருந்த வேர்கள் பழுப்பேறி, தொட்டதும் மேல்தோல் வழுக்கிக் கழன்று, உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சியது. மேல் மண் காய்ந்தும் நடு உருண்டை காயாமலும் இருக்கிற இந்த நிலையை மேலிருந்து பார்க்கும் எவராலும் கண்டறிய முடியாது. வாங்கிய செடி எதுவானாலும் வேரின் நடுப்பகுதியை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது என்று அழுத்திச் சொல்வேன்.

வலைத்துணியைக் கத்தரித்து நீக்கி, அழுகிய வேர்களை வெட்டியெடுத்து, மீதமிருந்த வேரின் அளவுக்கே பொருந்துகிற சிறிய பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றினேன். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் நெடுநாள் ஈரமாகவே கிடக்கும் என்பதால் இந்தச் சிக்கனம் அவசியமாகிறது. கோகோபீட்டுடன் பெர்லைட் (மண்ணில் காற்றோட்டம் தரும் இலேசான வெண்ணிறக் கல் துகள்), தென்னை மட்டைத் துண்டுகள், கொஞ்சம் அடுப்புக்கரி, ஒரு கைப்பிடி மண்புழு உரம் ஆகியவற்றைக் கலந்துகொண்டேன். அடியில் ஜல்லி பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை நம்மிடையே வலுவாக இருக்கிறது. உண்மையில், வடிந்த பிறகும் எந்தத் தொட்டியின் அடியிலும் ஓர் ஈர அடுக்கு தங்கியே தீரும், ஜல்லி போட்டால் அந்த அடுக்கு மேலே ஏறி வேருக்கு இன்னும் நெருக்கமாகிவிடும். எனவே ஜல்லி போடவில்லை.

அதன் பிறகு நீர் ஊற்றும் நாளைக் கிழமை பார்த்து முடிவு செய்வதில்லை. நீர் ஊற்றி வடிந்தவுடன் தொட்டியைத் தூக்கி அதன் கனத்தைக் கைக்குப் பழக்கிக்கொண்டு, அடுத்தடுத்த நாட்களில் தூக்கிப் பார்க்கும்போது அது எவ்வளவு இலேசாகியிருக்கிறது என்பதைக் கொண்டே தீர்மானிக்கிறேன். ஐயம் இருந்தால் தென்னை ஈர்க்குச்சி ஒன்றைத் தொட்டியின் ஓரமாக அடிவரை செருகி, சற்று நேரம் விட்டு உருவுவேன். குச்சியில் கருத்த ஈரமும் தூளும் அடியிலிருந்து பாதிவரை ஒட்டியிருந்தால் அன்றைக்கு ஊற்றுவதில்லை, அடிமுனையில் மட்டும் இலேசான ஈரம் தெரிந்தால் ஊற்றுவேன். கோகோபீட்டின் மேற்பரப்பு விரைவில் வெளிறிக் காய்ந்ததுபோல் காட்டும் என்பதால் அதன் நிறத்தை நம்புவதில்லை.

இலையும் சொல்லும். நீர் நிறைந்த இலை தடித்து, விரல்களுக்கிடையே பிடித்தால் விறைப்பாக இருக்கும். தாகம் எடுக்கும்போது, சுருள்வதற்கு முன்பே இலை மெலிந்து துணிபோல் வளையும். அந்த நிலையில் ஊற்றிவிட்டால் இலை சுருளவே வேண்டியதில்லை. தொட்டி இலேசாக இருந்து இலையும் சுருண்டிருந்தால், ஊற்றிய சில மணி நேரத்தில் ஓரங்கள் மெல்ல விரிந்து வெள்ளித் திட்டுகள் மீண்டும் முழுதாகத் தெரியும். அந்தத் திட்டுகள் சாயமல்ல, மேல்தோலுக்கும் அதன் கீழுள்ள பச்சைத் திசுவுக்கும் இடையே இருக்கும் காற்றிடைவெளி ஒளியைத் திருப்பி அனுப்புவதால் ஏற்படும் தோற்றமே அது.

ஊற்றும்போது மேலே ஒரு குவளை தெளிப்பதோடு நிறுத்தாமல், தொட்டி முழுவதும் நனைந்து அடித்துளை வழியாக நீர் ஒழுகும்வரை நிதானமாகச் சுற்றி ஊற்றுகிறேன். தட்டில் தேங்கும் நீரை அரைமணி நேரத்துக்குள் கொட்டிவிடுகிறேன். கோடையில் கோகோபீட் ஒரேயடியாகக் காய்ந்து தொட்டியின் ஓரத்தை விட்டு விலகினால், ஊற்றுகிற நீர் அந்த இடைவெளி வழியாகவே இறங்கிவிடும், வேர் நனையாது. அப்போது மட்டும் ஓர் அகன்ற பேசினில் நீர் நிரப்பித் தொட்டியை அதனுள் வைத்து, மேல்மண் ஈரமானதும் எடுத்து வடியவிடுகிறேன்.

எங்கள் குடியிருப்பின் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புத் தன்மை மிக்கது. குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்கத்தக்கது என்கிறது இந்தியத் தர நிர்ணயம், எங்கள் குழாய் நீர் அதைத் தாராளமாகத் தாண்டுகிறது. ஆர்ஓ இயந்திரம் ஒதுக்கித் தள்ளும் நீரைச் செடிகளுக்கு ஊற்றுவது சிக்கனமான வழக்கம் என்றாலும், அதில் உப்பு மேலும் செறிந்திருப்பதால் இந்தக் கொடிக்கு அதைத் தவிர்க்கிறேன். உப்பு படிந்தால் தொட்டி விளிம்பில் வெண்ணிறப் பொருக்கு கட்டும், இலை நுனி கருகும். மொட்டை மாடியில் மழைநீர் பிடித்து மூடிய கேனில் வைத்துக்கொள்கிறேன், அது தீர்ந்தால் குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ நீர். குழாய் நீரை இலையில் தெளித்தால் காய்ந்த பிறகு வெள்ளைப் புள்ளிகள் தங்கி வெள்ளித் திட்டை மறைத்துவிடுவதால், இலைகளை மழைநீரில் நனைத்த மெல்லிய துணியால் துடைப்பதோடு சரி.

கிழக்கு ஜன்னலை ஒட்டி வைத்தபோது தொட்டி வேகமாக இலேசானது. கூடத்தின் உட்புறத்துக்கு மாற்றியபோது அதே தொட்டி ஏறத்தாழ இருமடங்கு காலம் கனமாகவே இருந்தது. ஒளி குறைந்தால் செடி நீரை உறிஞ்சுவதும் குறையும் என்பதால், இடம் மாற்றுகிற ஒவ்வொரு முறையும் கனத்தைப் புதிதாகக் கணிக்க வேண்டியிருக்கிறது. பருவமும் இப்படியே. கத்திரி வெயிலில் அடிக்கடி தூக்கிப் பார்க்கிறேன், வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி கார்த்திகையில் காற்றே ஈரமாக இருப்பதால் இடைவெளி வெகுவாக நீள்கிறது, அந்த மாதங்களில் உரக் கரைசலும் கொடுப்பதில்லை. தை பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் கொடியின் நுனியில் இறுகச் சுருண்ட இளந்தளிர்கள் வரும். அவை விரிய வேண்டிய தளிர்களே தவிரத் தாகத்தால் சுருண்ட இலைகள் அல்ல, எனவே அவற்றைப் பார்த்து நீர் ஊற்றக் கூடாது.