எந்தச் சேற்றில் கால் வைத்தார்?

அப்பாவுக்கு முதுகு வலி என்றபோது எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பது வருடம் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். அந்த வயதில் முதுகு வலிக்காத ஆள் தோட்டத்தில் யார் இருக்கிறார்கள்? தோட்ட மருந்தகத்தில் வலி மாத்திரை கொடுத்தார்கள். ஹட்டனில் தைலம் வாங்கித் தேய்த்தோம். எக்ஸ்ரே எடுத்த இடத்தில் "எலும்புத் தேய்மானம்" என்றார்கள். ஜனவரியில் தொடங்கிய வலியை மார்ச் வரை இப்படியே ஓட்டினோம்.

முதலில் சந்தேகப்பட்டவர் அம்மா. "வேலை செய்த வலியென்றால் படுத்தால் குறைய வேண்டும். இவருக்குப் படுத்தால்தான் கூடுகிறது" என்றார். உண்மைதான். நள்ளிரவில் எழுந்து அடுப்படியில் சாக்கை விரித்து, சுவரில் சாயவும் முடியாமல் குந்தியிருப்பார். காற்சட்டையைக் கயிறு போட்டுக் கட்டும் அளவுக்கு இடுப்பு மெலிந்துவிட்டது. காய்ச்சல் டிசம்பரில் நான்கு நாள் வந்து போனதோடு சரி. அதனால் கிருமி என்ற எண்ணமே எங்களுக்கு வரவில்லை. முதுகெலும்பில் கிருமி தொற்றியவர்களில் பலருக்குக் காய்ச்சல் இருப்பதே இல்லை என்பதும், முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

இதற்கிடையில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் இரத்தம்கூடப் பார்க்காமல் ஏழு நாளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். வலி சற்றுத் தணிந்து, பத்தாம் நாள் இரட்டிப்பாகத் திரும்பியது. இன்றைக்கும் என் மனதில் உறுத்துவது அந்த ஏழு நாள்தான். கிருமியைக் கொல்லாமல் பதுங்க வைக்கும் மருந்து, அதைப் பிடிக்கும் வழியையும் அடைத்துவிடக்கூடும்.

பங்குனி மாதம் அப்பாவைக் கண்டிக்குக் கொண்டுபோனோம். இரத்தத்தில் அழற்சியின் அளவு மிக அதிகம், சீனியோ கட்டுப்பாட்டிலேயே இல்லை. எம்.ஆர்.ஐ ஸ்கேனில் இடுப்புப் பகுதியின் மூன்றாம், நான்காம் முள்ளெலும்புகளும் நடுவிலுள்ள தட்டும் சேர்ந்து அரித்துப் போயிருந்தன. பக்கத்துத் தசையில் சீழ்.

முதலில் காசநோயைத்தான் நினைத்தார்கள். ஆனால் முதுகெலும்புக் காசநோய் பெரும்பாலும் தட்டைக் கொஞ்ச காலம் விட்டுவைக்கும், அப்பாவுக்குத் தட்டே முதலில் போயிருந்தது என்று டொக்டர் படத்தைக் காட்டிச் சொன்னார். காசநோய் என்று முடிவு செய்தால் பல மாத மருந்து, அதுவும் தவறான நோய்க்கு. அதனால் சீழை எடுத்துப் பார்க்கும் வரை எந்த மருந்தும் தர மாட்டேன் என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. வலியில் துடிக்கிற மனிதரைச் சும்மா படுக்க வைத்திருக்கிறார்களே என்று வார்ட் வாசலில் நின்று கேட்டேன். அந்த டொக்டர் முகம் சுளிக்காமல், அரைகுறைத் தமிழும் சிங்களமும் கலந்து விளங்கப்படுத்தினார். கால் பலவீனமானாலோ, சிறுநீர் தடைப்பட்டாலோ, இரத்த அழுத்தம் விழுந்தாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க மாட்டோம், அறுவைச் சிகிச்சைகூடத் தேவைப்படலாம். அவையெல்லாம் இல்லாதவரை இந்தக் காத்திருப்புதான் சிகிச்சையின் முதல் படி என்றார். நாளுக்கு நான்கு முறை தாதிமார் வந்து அப்பாவின் பெருவிரலை மடக்கி நீட்டச் சொல்லிப் பார்த்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

சி.டி ஸ்கேன் பார்த்தபடியே ஊசி செலுத்திச் சீழ் எடுத்தார்கள். கலங்கிய கஞ்சித் தண்ணீர் போல ஒரு சிறு குப்பியில் கொஞ்சம். அதோடு இரத்தத்தையும் கிருமி வளர்க்கும் போத்தல்களில் எடுத்தார்கள்.

மூன்றாம் நாள் இளம் டொக்டர் ஒருவர் ஓடி வந்தார். போத்தலில் ஏதோ வளர்ந்திருக்கிறது. மண்ணில் கிடக்கும் சாதாரணக் கிருமி தவறி விழுந்ததோ என்று முதலில் நினைத்தார்களாம். ஆனால் அதற்கு ஜென்டமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கேட்கவில்லை, கோ-அமொக்ஸிக்ளேவ் என்ற இன்னொன்று கேட்கிறது. இந்தச் சேர்க்கை ஆய்வுக்கூடத்தில் யாரையோ உஷார்ப்படுத்தியிருக்கிறது. அந்த இளம் டொக்டர் அப்பாவின் பாதத்தைத் திருப்பி, பாளம் பாளமாக வெடித்திருந்த குதிகாலைப் பார்த்தார். பிறகு, "கும்புர வேலை செய்தீங்களா?" என்று கேட்டார்.

கும்புர என்றால் வயல். அப்பாவுக்கு உடனே விளங்கியது. நான் குறுக்கிட்டு, "இல்லை டொக்டர், நாங்கள் தேயிலைத் தோட்டம்" என்றேன். அப்பா என்னைக் கையமர்த்தி, "ஐப்பசியில் தங்கச்சி வீட்டுக்குப் போனேனே" என்றார்.

எங்கள் அத்தை குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு வவுனியாவில் குடியேறியது. ஒவ்வொரு பெரும்போக விதைப்புக்கும் அப்பா போய் ஒரு மாதம் நின்று உதவிவிட்டு வருவார். வெறுங்காலோடு, மழைச் சேற்றில். இத்தனை மாதமும் அதை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் எங்களிடம் கேட்கவும் இல்லை. தோட்ட முகவரியைப் பார்த்ததுமே தோட்டத்து நோயைத்தான் எல்லோரும் தேடினார்கள்.

கொழும்புக்கு அனுப்பி உறுதிப்படுத்தினார்கள். மெலியோய்டோசிஸ். ஈர மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமி. தோல் வெடிப்பு வழியாகவும் உள்ளே போகும். சீனி வருத்தம் உள்ளவர்களை அதிகம் பிடிக்கும். எலும்பில், அதிலும் முதுகெலும்பில் தங்குவது அபூர்வம். 1911இல் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசாமி என்ற இரு மருத்துவர்கள் இந்த நோயை முதலில் இனங்கண்டார்கள் என்று பிறகு வாசித்தேன். நூறு வருடம் தாண்டியும் அதன் பெயரை எங்கள் பக்கத்தில் நான் ஒருவர் வாயிலும் கேட்டதில்லை.

வயிற்றை ஸ்கேன் செய்தபோது மண்ணீரலிலும் ஒரு சிறு சீழ்க்கட்டி இருந்தது. ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை செஃப்டாசிடிம் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி, ஆறு வாரம். முதுகுத் தட்டுக்கு இரத்த ஓட்டம் மிகக் குறைவு, மருந்து அங்கே மெதுவாகத்தான் சேரும், அதனால்தான் இந்த நீளம் என்றார்கள். மூன்றாம் வாரத்துக்குள் இரு கைகளிலும் ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. இரவு பன்னிரண்டு மணி மருந்துக்கு, சூடு பட்டால் நரம்பு எழும்பும் என்று அம்மா அப்பாவின் கையைத் தன் இரு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் சனிக்கிழமைகளில் ஹட்டன் பஸ்ஸில் போய் ஞாயிறு திரும்பினேன். இன்சுலின் போட்டுச் சீனியை இறக்கினார்கள். நான்காம் வாரத்தில் அப்பா ஓர் இரவு முழுக்கத் தூங்கினார். காலையில் அதை அம்மா எனக்குத் தொலைபேசியில் சொல்லும்போது அழுதார்.

அதன் பிறகு ஆறு மாதம் கோ-டிரைமொக்சசோல், காலை மூன்று, இரவு மூன்று மாத்திரை. வலி போனதும் நிறுத்தினால் நோய் மீண்டும் வரும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். உடலில் தடிப்பு வருகிறதா என்று பார்க்கவும், சிறுநீரகத்துக்கும் பொட்டாசியத்துக்கும் இரத்தம் சோதிக்கவும் கிளினிக் வரச் சொன்னார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. நாட்காட்டியில் கிழித்த ஒவ்வொரு தாளிலும் அந்த நாளின் ஆறு மாத்திரையை மடித்து வைத்துக்கொண்டார். ஒரு நாளும் தவறவில்லை.

கடைசித் தாள் முடிந்து இரண்டு வருடமாகிறது. முதுகு கொஞ்சம் விறைப்புத்தான், ஆனால் கடைக்கு நடந்து போய் வருகிறார். நோயின் பெயரை டொக்டர் சிவப்பு மையில் எழுதிக்கொடுத்த கிளினிக் அட்டை எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். சென்ற மாதம் தடிமன் பிடித்துத் தோட்ட மருந்தகத்துக்குப் போனவர், நாக்கை நீட்டச் சொல்லும் முன்பே அந்த அட்டையை எடுத்து மேசையில் வைத்திருக்கிறார்.